'போர்மட் செய்யவா?' என்று கொம்பியூட்டர் கேட்டால்



இந்த முறை நமது பாடம் ஹாட் டிஸ்க் பற்றியது. தமிழில் வன்தட்டு என்று சொல்லுகிறோம். கொம்பியூட்டரில் நாம் சேர்த்து வைக்கிற படம், கடிதம், பாடக்குறிப்பு, சங்கத்துக் கணக்கு எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. கொம்பியூட்டரின் மற்ற பாகம் எது பழுதானாலும் காசு கொடுத்து வாங்கலாம். ஹாட் டிஸ்க்கையும் வாங்கலாம். ஆனால் அதற்குள் இருந்ததை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. ஆகவே பல வீடுகளிலும் நிலையங்களிலும் பழைய கொம்பியூட்டரை அழித்துப் புதிதாக ஏற்றுகிற வேலை நடக்கிறது. அப்போதுதான் போர்மட், பார்ட்டிஷன் என்ற இரண்டு சொற்களும் தகராறு பண்ணும். பயப்படத் தேவையில்லை. ஆனால் அவசரப்படவும் கூடாது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை வாசியுங்கள்.

1. லயமும் காம்பராவும்

ஹாட் டிஸ்க்கை ஒரு லயம் என்று வைத்துக்கொள்வோம். லயத்தைச் சுவர் வைத்துப் பிரித்தால் காம்பராக்கள் வரும். டிஸ்க்கை அப்படிப் பிரிப்பதுதான் பார்ட்டிஷன். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு நம்பர் போடுகிற மாதிரி விண்டோஸ் சி, டி, ஈ என்று எழுத்துப் போடும். எந்தக் காம்பரா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விபரம் டிஸ்க்கின் தொடக்கத்திலே ஒரு பட்டியலாக எழுதப்பட்டிருக்கும். இதற்குப் பார்ட்டிஷன் அட்டவணை என்று பேர். தோட்ட ஆபீசில் இருக்கிற லயப் பதிவு மாதிரி.

காம்பரா கட்டினால் மட்டும் போதாது. உள்ளே தட்டு அடித்து, எந்தத் தட்டில் என்ன சாமான் என்று ஒரு பட்டியலும் வைக்க வேண்டும். அந்த வேலைதான் போர்மட். அந்தப் பட்டியல் எழுதுகிற முறைகள் பல. நமக்குத் தெரிய வேண்டியது மூன்று.

பேட் 32: பழைய முறை. டீவீ, ரேடியோ, கமரா எல்லாம் இதை வாசிக்கும். ஆனால் 4 ஜி.பி. அளவான ஒரே பைலை இதில் வைக்க முடியாது. பென் டிரைவில் 20 ஜி.பி. இடம் இருக்கும்; இருந்தும் ஒரு கலியாண வீடியோவைப் போட்டால் "பைல் பெரியது" என்று சொல்லும். இது பழுது இல்லை, முறையின் எல்லை. 

எக்ஸ்பேட்: 2006இல் வந்தது. பெரிய பைல்களும் கொள்ளும். பென் டிரைவுக்கு ஏற்றது.

என்.டி.எப்.எஸ்.: 1993இல் வந்தது. விண்டோஸ் இருக்கிற டிஸ்க்குக்கு இதுதான் வழக்கம்.

போர்மட்டிலும் இரண்டு வகை உண்டு. 'குயிக் போர்மட்' என்றால் பழைய பட்டியலைத் தூக்கிவிட்டு வெறும் பட்டியல் ஒன்றை ஒட்டுவது. சாமான்கள் உள்ளேயே கிடக்கும், ஆனால் எது எங்கே என்று தெரியாது. புதுச் சாமான் வைக்க வைக்கப் பழையது அழியும். குயிக் என்பதில் அடையாளம் போடாமல் செய்தால் முழு போர்மட். விண்டோஸ் விஸ்டா வந்த காலம் தொட்டு, முழு போர்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுதுகிறது. அதாவது காம்பராவைக் காலி பண்ணி, கழுவி, சுண்ணாம்பு அடிப்பது. அதற்குப் பிறகு யாராலும் பழையதைத் திருப்பி எடுக்க முடியாது.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். போர்மட் அப்படி இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

2. முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஒரு தோட்டத்தில் நடந்தது. பேர் வேண்டாம். மரண உதவிச் சங்கத்தின் 6 வருடக் கணக்கு ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில் இருந்தது. ஒருநாள் அதைச் சொருகியதும், "இந்த டிஸ்க்கைப் பாவிக்க முன் போர்மட் செய்ய வேண்டும். செய்யவா?" என்று திரையில் வந்தது. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் "இது வேலை செய்யணுமா?" என்று கேட்டார். "ஆமா" என்றார்கள். அரை மணித்தியாலத்தில் டிஸ்க் நன்றாக வேலை செய்தது. உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை.

அடுத்த மாதம் ஒரு சாவு. இறந்தவர் 4 மாதச் சந்தா பாக்கி என்று சிலர் சொன்னார்கள், கட்டிவிட்டார் என்று சிலர். கணக்கைக் காட்டச் சங்கத்திடம் ஒன்றும் இல்லை. துக்க வீட்டு வாசலிலேயே வாய்ச்சண்டை. கடைசியில் அவருடைய மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் துண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தபடியால் காசு கிடைத்தது. துண்டு வைக்காத குடும்பமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைக்காரர் தன்னிடம் கேட்ட வேலையைச் செய்தார். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "உள்ளே இருப்பது வேணுமா?" இந்தக் கேள்வியைக் கடைக்காரரும் கேட்கவில்லை, கொண்டுபோனவர்களும் சொல்லவில்லை.

ஆகவே வாசகர்களே, போர்மட் செய்யவா என்று கொம்பியூட்டர் கேட்டால், உள்ளே ஏதாவது இருந்த டிஸ்க் என்றால், 'கேன்சல்' என்பதைத்தான் அழுத்த வேண்டும். அந்தக் கேள்விக்கு அர்த்தம் "உள்ளே ஒன்றும் இல்லை" என்பது அல்ல. "பட்டியலை என்னால் வாசிக்க முடியவில்லை" என்பதுதான். பட்டியல் கெட்டுப் போயிருக்கலாம், வயர் லூசாக இருக்கலாம், டிஸ்க்கே நோய்ப்பட்டிருக்கலாம். இப்படி வாசிக்க முடியாத டிஸ்க்கை விண்டோஸ் 'ரோ' என்று குறித்துக் காட்டும்.

அப்போது செய்ய வேண்டிய ஒழுங்கு இது:

(அ) கேன்சல் அழுத்தி, டிஸ்க்கை முறையாகக் கழற்றுங்கள்.

(ஆ) வேறு துவாரத்தில் சொருகிப் பாருங்கள். மேசைக் கொம்பியூட்டர் என்றால் பின்பக்கத் துவாரம் நல்லது. வயரை மாற்றிப் பாருங்கள். வெளி ஹாட் டிஸ்க்குக்கு நல்ல கரண்ட் வேண்டும். பழைய யூ.எஸ்.பி. 2 துவாரம் 500 மில்லி அம்பியர் கொடுக்கத்தான் அமைக்கப்பட்டது. சில டிஸ்க்குக்கு அது போதாது.

(இ) வேறு கொம்பியூட்டரில் சொருகிப் பாருங்கள்.

(ஈ) காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இயந்திரக் கோளாறு. உடனே நிறுத்துங்கள். ஓட ஓடக் கூடுதலாகக் கெடும். தட்டிப் பார்ப்பது, குலுக்கிப் பார்ப்பது, திறந்து பார்ப்பது ஒன்றும் வேண்டாம். தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

(உ) வாசிக்க முடிந்தால் முதல் வேலை பிரதி எடுப்பது. திருத்துவது பிறகு.

'செக் டிஸ்க்' என்று ஒரு கட்டளை உண்டு. சி எச் கே டி எஸ் கே என்ற ஆறு ஆங்கில எழுத்து. சின்னச் சின்னப் பட்டியல் பிழைகளை இது திருத்தும். நல்ல கருவிதான். ஆனால் சாகக் கிடக்கிற டிஸ்க்கில் பிரதி எடுக்க முன் இதை ஓட்டக் கூடாது. பல மணித்தியாலம் டிஸ்க்கைக் குடைந்து, மிச்ச உயிரையும் வாங்கிவிடும்.

3. போர்மட் செய்ய முடியவில்லை என்றால்

உள்ளே இருப்பது வேண்டாம், அல்லது பிரதி எடுத்தாயிற்று. இனி போர்மட் செய்யலாம். ஆனால் "போர்மட்டை முடிக்க முடியவில்லை" என்று வருகிறது. காரணங்களை இலேசானதிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பூட்டு: கமராவில் போடுகிற எஸ்.டி. கார்ட்டின் பக்கத்தில் நகம் அளவு ஒரு சின்னப் பூட்டு இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. மேலே தள்ளினால் சரி.

பாவனையில் இருத்தல்: அந்த டிஸ்க்கிலுள்ள பைல் ஒன்று திறந்திருந்தால் போர்மட் நடக்காது. எல்லாவற்றையும் மூடிவிட்டுச் செய்யுங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அது இருக்கிற சி டிரைவை போர்மட் செய்ய விடாது. நாம் குடியிருக்கிற காம்பராவுக்குள் இருந்துகொண்டே அதை இடிக்க முடியுமா? அதற்கு வேறு பென் டிரைவிலிருந்து கொம்பியூட்டரைத் தொடக்க வேண்டும்.

ஆயுள் முடிதல்: சில பென் டிரைவ்கள் கெடும் காலத்தில் தாமாகவே எழுத விடாமல் பூட்டிக்கொள்ளும். வாசிக்க மட்டும் விடும். எந்தக் கட்டளைக்கும் அசையாது. அப்படியானால் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவிட்டுக் கழித்துவிட வேண்டியதுதான்.

கெட்ட இடம்: ஹாட் டிஸ்க்கில் வாசிக்க முடியாத பகுதிகள் தோன்றும். மலையில் கல்லுப் பட்ட இடம் மாதிரி, அதில் ஒன்றும் முளைக்காது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் சுகநிலையைத் தானே குறித்து வைக்கிறது. 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சள் வந்த டிஸ்க்கை போர்மட் செய்தால் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் அதை நம்பி முக்கியமான ஒன்றையும் வைக்காதீர்கள்.

போலி: சந்தையில் மலிவாக 1 டெராபைட், 2 டெராபைட் என்று பென் டிரைவ் விற்கிறார்கள். உள்ளே 16 அல்லது 32 ஜி.பி. மட்டும் இருக்கும். கொம்பியூட்டருக்குப் பெரிய அளவு என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். போர்மட் ஆகும், பைலும் ஏறும், ஆனால் உண்மையான இடம் முடிந்த பிறகு போட்டது எல்லாம் காற்றில் போகும். 'எச் 2 டெஸ்ட் டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கை நிரப்பி, திரும்ப வாசித்து உண்மை அளவைச் சொல்லும். புதிதாக வாங்கியதும், உள்ளே ஒன்றும் போட முன் சோதியுங்கள்.

ஆனால் ஒன்று. 1 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜி.பி. என்றும், 500 ஜி.பி. டிஸ்க் 465 என்றும் காட்டினால் அது ஏமாற்று இல்லை. செய்கிற கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. நிறை ஒன்றுதான், தராசுதான் வேறு.

நேரம்: சுழலுகிற 1 டெராபைட் டிஸ்க்கின் முழு போர்மட் 2, 3 மணித்தியாலம் எடுக்கும். பழைய யூ.எஸ்.பி. 2 வழியாக என்றால் 8 மணித்தியாலத்துக்கு மேலும் போகும். சிக்கிவிட்டது என்று நினைத்து இடையில் பிடுங்காதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம்ம பக்கத்தில் பின்னேரம் இடி மின்னல். அந்த நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். காலையில் செய்யுங்கள். மேசைக் கொம்பியூட்டரின் மூடியைத் திறக்கிறவர்கள் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

4. பார்ட்டிஷன் தகராறுகள்

விண்டோஸ் அடையாளமுள்ள விசையையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'டிஸ்க் மெனேஜ்மன்ட்' என்பதைத் திறந்தால் லயமும் காம்பராக்களும் படமாகத் தெரியும். பின்வருவன அடிக்கடி வருகிற தகராறுகள்.

டிஸ்க் தெரிகிறது, எழுத்து இல்லை: காம்பரா இருக்கிறது, நம்பர் மட்டும் போடவில்லை. அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' என்பதில் ஒரு எழுத்தைக் கொடுங்கள். இதில் ஒன்றும் அழியாது. இந்தச் சின்ன விஷயத்துக்காக போர்மட் செய்துவிட்டவர்களும் உண்டு.

'இனிஷியலைஸ்' செய்யச் சொல்கிறது: புது டிஸ்க் என்றால் செய்யலாம். பழைய டிஸ்க் என்றால் செய்யாதீர்கள். ஆபீசிலுள்ள லயப் பதிவுக்கு மேலே புதுப் பதிவு எழுதுவது போன்றது அது. இங்கேயும் முதல் கேள்வி அதுதான்: உள்ளே இருப்பது வேணுமா?

நான்குக்கு மேல் பிரிக்க முடியவில்லை: பார்ட்டிஷன் அட்டவணையில் இரண்டு வகை. பழையது எம்.பி.ஆர்., 1983இல் டொஸ் 2.0 உடன் வந்தது. அதில் நான்கு முதன்மைக் காம்பராக்களுக்குத்தான் இடம். 2 டெராபைட்டுக்கு மேல் அதற்குக் கணக்கும் தெரியாது. 3 டெராபைட் டிஸ்க்கை அந்த முறையில் வைத்தால் மிச்சம் வீணாகக் கிடக்கும். புதியது ஜி.பி.டி. அதில் விண்டோஸ் 128 காம்பராக்கள் வரை விடும். அட்டவணையின் பிரதி ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். முன்பக்கம் கெட்டாலும் பின்பக்கத்தைப் பார்த்துச் சரி செய்யலாம். ஒரே பதிவை இரண்டு இடத்தில் வைப்பது எவ்வளவு நல்லது என்று இதிலிருந்தும் படிக்கலாம்.

பக்கத்தில் இடம் இருந்தும் பெரிதாக்க முடியவில்லை: சி டிரைவ் நிறைந்துவிட்டது. டிஸ்க்கில் வேறு இடத்தில் காலி இருக்கிறது. ஆனால் 'எக்ஸ்டென்ட்' என்ற சொல் மங்கிக் கிடக்கிறது. ஏன்? காலி இடம் சி டிரைவுக்கு நேரே வலது பக்கத்தில் ஒட்டி இருக்க வேண்டும். 1ஆம் காம்பராக்காரர் 3ஆம் காம்பராவை எடுத்துத் தன் வீட்டைப் பெருப்பிக்க முடியுமா? நடுவில் 2ஆம் காம்பராவில் ஆள் இருக்கிறதே. நடுவில் இருப்பது பெரும்பாலும் கம்பனி வைத்த 'ரிகவரி' பகுதியாக இருக்கும். அதை அவசரத்தில் அழிக்காதீர்கள். கொம்பியூட்டர் தொடங்காமல் போனால் உதவுவது அதுதான்.

விண்டோஸ் ஏற்றும்போது "இந்த டிஸ்க்கில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது, ஜி.பி.டி.யில்தான் ஏற்ற முடியும்" என்று வருகிறது: டிஸ்க் பழுதில்லை. கொம்பியூட்டர் புது முறையில் தொடங்குகிறது, டிஸ்க் பழைய முறையில் பிரிந்திருக்கிறது. பலர் இந்த இடத்தில் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிடுகிறார்கள். டி டிரைவில் இருந்த பிள்ளையின் உயர்தரக் குறிப்பும் அதோடு போகிறது. அழிக்காமலும் வழி உண்டு. 2017இல் விண்டோஸ் 10 உடன் வந்த ஒரு கருவி, பேர் 'எம்.பி.ஆர். 2 ஜி.பி.டி.', விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை உள்ளிருப்பதை அழிக்காமல் மாற்றும். முதன்மைப் பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனாலும் முதலில் பிரதி எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

விண்டோஸ் ஏற்றும்போது டிஸ்க்கே தெரியவில்லை: இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான பல லேப்டொப்களில் இது வருகிறது. டிஸ்க் நலமாகவே இருக்கும். இன்டெலின் சேமிப்பு டிரைவர் பைல்களைப் பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' என்ற இடத்தில் கொடுத்தால் தெரியும். டிஸ்க் செத்துவிட்டது, புதிது வாங்கு என்று யாராவது சொன்னால் இதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்க்கில் பூட்டுப் படம்: புது லேப்டொப்களில் 'பிட்லொக்கர்' என்ற பூட்டு இருக்கலாம். அதைத் திறக்க 48 இலக்கம் கொண்ட ஒரு திறப்பு எண் உண்டு. லேப்டொப் நன்றாக ஓடுகிற காலத்திலேயே அந்த எண்ணை எடுத்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது.

5. 'கிளீன்' என்ற கட்டளை

எதற்கும் அசையாத டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக்க 'டிஸ்க்பார்ட்' என்ற கருவி பயன்படும். கறுப்புத் திரையில் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒழுங்கு இது:

முதலில் 'லிஸ்ட் டிஸ்க்'. கொம்பியூட்டரிலுள்ள டிஸ்க்குகள் 0, 1, 2 என்று வரிசையாக வரும். 
அடுத்து 'செலக்ட் டிஸ்க்', அதோடு டிஸ்க்கின் நம்பர். 
அடுத்து 'கிளீன்'. 
அதன் பிறகு 'கன்வர்ட் ஜி.பி.டி.' என்று கொடுத்து, டிஸ்க் மெனேஜ்மன்ட்டில் போய் புதிதாகப் பிரித்து போர்மட் செய்யலாம்.

மற்ற இடங்களில் விண்டோஸ் "நிச்சயமா?" என்று கேட்கும். 'கிளீன்' அப்படிக் கேட்காது. என்டர் அழுத்திய அந்த நொடியே டிஸ்க்கின் எல்லாக் காம்பராவும் பதிவிலிருந்து போய்விடும். நம்பர் ஒன்று மாறினால் பென் டிரைவுக்குப் பதிலாக வீட்டு ஹாட் டிஸ்க் போகும். ஆகவே மூன்று பழக்கம்:

ஒன்று, தேவையில்லாத டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். 
இரண்டு, நம்பரை மட்டும் பார்க்காமல் அளவையும் பாருங்கள். 32 ஜி.பி. பென் டிரைவ் 29 என்று காட்டும், 500 ஜி.பி. டிஸ்க் 465 என்று காட்டும். மாற வழியில்லை. 
மூன்று, 'கிளீன்' அடிக்க முன் இன்னொருமுறை 'லிஸ்ட் டிஸ்க்' கொடுங்கள். தெரிவு செய்த டிஸ்க்குக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். பக்கத்தில் இருக்கிறவரையும் பார்க்கச் சொல்லுங்கள். மடுவத்தில் தராசு முள்ளை இரண்டு பேர் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

6. தவறி அழிந்துவிட்டால்

முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது. மீட்கிற மென்பொருளையும் அதே டிஸ்க்கில் இறக்கக் கூடாது. கொம்பியூட்டரை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கொம்பியூட்டரில் இணைத்துத்தான் தேட வேண்டும். மீட்டெடுப்பதையும் வேறு டிஸ்க்கில்தான் போட வேண்டும்.

'டெஸ்ட் டிஸ்க்' என்ற மென்பொருள் அழிந்த பார்ட்டிஷனைத் தேடித் திரும்ப அட்டவணையில் எழுதும். அதோடு வருகிற 'போட்டோ ரெக்' படங்களையும் கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கும், ஆனால் பைல்களின் பேர் போயிருக்கும். இரண்டும் இலவசம். குயிக் போர்மட், பார்ட்டிஷன் அழிந்தது, 'கிளீன்' அடித்தது, இவற்றில் சுழலுகிற ஹாட் டிஸ்க் என்றால் பெரும்பாலும் நல்ல வாய்ப்பு உண்டு.

எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத டிஸ்க்கில் அப்படி இல்லை. அழித்த இடங்களை அது தானாகவே துடைத்துவிடும். அதற்கு 'டிரிம்' என்று பேர். அதில் அழித்தது சில நிமிடத்திலேயே போய்விடலாம். வேகமான டிஸ்க், ஆனால் மன்னிக்காத டிஸ்க்.

7. பிரதி

நமது மக்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதியை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரி வாசலில் நின்ற குடும்பங்கள் நம்முடையவை. இன்று பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளையின் பெறுபேறு எல்லாவற்றையும் படம் பிடித்துக் கொம்பியூட்டரில் போடுகிறோம். நல்லது. ஆனால் ஒரே டிஸ்க்கில் ஒரே ஒரு பிரதி என்றால் அது பாதுகாப்பு இல்லை.

முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்று கொம்பியூட்டரில். ஒன்று வேறு ஒரு பென் டிரைவில் அல்லது டிஸ்க்கில். ஒன்று வேறு ஊரில், கலியாணம் முடித்துக் கொடுத்த மகள் வீட்டிலோ கொழும்பில் வேலை செய்கிற மகனிடமோ. ஏன் வேறு ஊர்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. ஒரே அலுமாரியில் மூன்று பிரதி வைத்தாலும் அது ஒரு பிரதிதான். மூலப் பத்திரங்களை எறிந்துவிடவும் கூடாது. படம் படம்தான், பத்திரம் பத்திரம்தான்.

பிரதி எடுத்தால் திறந்தும் பாருங்கள். பேர் மட்டும் தெரிந்து உள்ளே திறக்காத பைல்கள் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீடு துடைக்கிற நாளில், இந்த வேலையையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

பயிற்சி

வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விடை சொல்லிப் பாருங்கள்.

1. அம்மாவின் படங்கள் இருக்கிற பென் டிரைவைச் சொருகியதும் "போர்மட் செய்யவா?" என்று வருகிறது. என்ன அழுத்துவீர்கள்? அடுத்து என்ன செய்வீர்கள்? 
2. 64 ஜி.பி. பென் டிரைவில் பாதி காலி. 5 ஜி.பி. வீடியோ ஏறவில்லை. காரணம் என்ன? 
3. டிஸ்க் மெனேஜ்மன்ட்டில் டிஸ்க் நலமாகத் தெரிகிறது, ஆனால் எழுத்து இல்லை. போர்மட் செய்ய வேண்டுமா? 
4. கொம்பியூட்டரைக் கடைக்குக் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை எது?

விடைகள்: 1. கேன்சல். பிறகு துவாரத்தையும் கொம்பியூட்டரையும் மாற்றிப் பார்த்து, திறந்தால் உடனே பிரதி. 2. பேட் 32 முறை, ஒரு பைல் 4 ஜி.பி.க்கு உட்பட்டிருக்க வேண்டும். உள்ளிருப்பதைப் பிரதி எடுத்து, எக்ஸ்பேட்டாக மாற்றலாம். 3. வேண்டாம். எழுத்தைக் கொடுத்தால் போதும். 4. "உள்ளே இருப்பது வேணும். என்னைக் கேட்காமல் போர்மட் பண்ண வேண்டாம்." வாயால் சொன்னால் போதாது. ஒரு துண்டில் எழுதி, கொம்பியூட்டரின் மேல் ஒட்டிக் கொடுங்கள். கடையில் வாங்கி வைக்கிறவர் ஒருவர், வேலை செய்கிறவர் வேறொருவராக இருக்கலாம்.